பத்து வாரமும் ஒரு ஹார்மோனும்

கடல் முதுகெலும்பிலிகளின் ஹார்மோன்களைப் பற்றிய இளங்கலைக் கோடை ஆய்வு என்பது, அமெரிக்கக் கடலோர ஆய்வு நிலையங்களில் ஜூன் வாக்கில் தொடங்கி ஆகஸ்டில் முடியும், ஏறத்தாழ பத்து வார வேலை. அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987இல் தொடங்கிய இளங்கலை ஆய்வு அனுபவத் திட்டத்தின் நிதியில் இவற்றுள் பல நடக்கின்றன. மாணவருக்கு உதவித்தொகையும் தங்க இடமும் ஒரு வழிகாட்டியும் கிடைக்கும். ஓடும் கடல்நீர்த் தொட்டி ஒன்றில் பங்கும் கிடைக்கும். மாசசூசெட்ஸில் 1888இல் தொடங்கிய உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகம், வாஷிங்டன் மாநிலத்தின் சான் ஹுவான் தீவில் 1904 முதல் இயங்கும் ஃபிரைடே ஹார்பர் ஆய்வகம், மேரிலாந்தில் சாலமன்ஸ் ஊரில் 1925இல் எழுந்த செசபீக் உயிரியல் ஆய்வகம், கலிஃபோர்னியாவின் போடேகா கடல் ஆய்வகம் ஆகியவை இந்த வேலைக்குப் பேர்போன இடங்கள்.

வருகிற மாணவர் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ முடித்தவர். ஹார்மோன் என்றதும் அவர் நினைவுக்கு வருவது இன்சுலினும் தைராய்டும் ஈஸ்ட்ரஜனும்தான். பாடப்புத்தகம் மனித உடலைத் தாண்டியிருக்காது. நண்டின் கண்காம்புக்குள் ஒரு சுரப்பு மையம் இருக்கிறது, நண்டு எப்போது ஓடு கழற்றலாம் என்பதை அது அடக்கி வைத்திருக்கிறது என்று முதல் நாள் சொன்னால் நம்பத் தயங்குவார். அந்தத் தயக்கம் நல்லது. ஹார்மோனைக் கண்ணால் பார்க்க முடியாது; அது வேலை செய்த உடலைத்தான் பார்க்க முடியும். இந்தத் துறையில் நிலைத்து நிற்கும் பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் ஏதோ ஓர் உயிரியின் உடலில் தெரிந்த மாற்றத்தில் தொடங்கி, பல ஆண்டு கழித்து ஒரு வேதிப்பொருளின் பெயரில் போய் முடிந்தவை. கோடை ஆய்வும் அதே வரிசையில் போனால்தான் பத்து வாரத்தில் ஏதாவது கைக்கு வரும்.

கேள்விக்கு முன்னால் உயிரியை முடிவு செய்ய வேண்டும். இனப்பெருக்க ஹார்மோன் என்றால் அந்த வாரங்களில் சினைப்பட்டிருக்கும் இனம் வேண்டும். மேற்குக் கரைப் பாறைகளில் ஒட்டியிருக்கும் பிசாஸ்டர் நட்சத்திர மீன் வசந்தத்திலும் கோடையின் முற்பகுதியிலும் சினையை விட்டுவிடும். ஜூலைக் கடைசியில் அதன் கையைத் திறந்து பார்த்தால், சினை திரண்டிருந்த இடத்தில் சுருங்கிய திசுதான் இருக்கும். வௌவால் நட்சத்திர மீன் என்று அங்கே அழைக்கப்படும் பட்டீரியாவோ ஆண்டின் பெரும்பகுதியில் முதிர்ந்த சினையோடு கிடைக்கும். தேதி குறித்து வருகிற மாணவருக்கு இதுதான் கைகொடுக்கும். ஓடு கழற்றுவதைப் பற்றிய ஆய்வென்றால், நண்டு அந்தப் பத்து வாரத்துக்குள் ஒருமுறையாவது ஓடு கழற்றுகிற வயதிலும் அளவிலும் இருக்க வேண்டும். வளர்ந்த பெரிய நண்டுக்கு அந்த இடைவெளி மாதக்கணக்கில் நீளும். சிறியவற்றுக்கு வாரங்களில் முடியும். ஆய்வுத் திட்டத்தில் இந்தக் கணக்கு இல்லாவிட்டால், வேறு எதுவும் அதை ஈடுகட்டாது.

உயிரியைப் பிடிப்பதும் பாடத்தில் சேர்த்தி. கலிஃபோர்னியாக் கரையில் கோடைக்கால ஆழ்ந்த வற்று, விடியற்காலையில் வரும். ஃபிரைடே ஹார்பர் பக்கம் அது நண்பகலை ஒட்டி வரும். மாணவர் எழும் நேரத்தை ஓதப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது. மாநில மீன்–வனவிலங்குத் துறையின் சேகரிப்பு அனுமதியில் குறித்த இனத்தை, குறித்த எண்ணிக்கைக்கு மேல் தொடக்கூடாது. 2013இல் தொடங்கிய நட்சத்திர மீன் அழிவு நோய்க்குப் பிறகு இந்தக் கட்டுப்பாட்டின் நியாயம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சூரியகாந்தி நட்சத்திர மீன் அந்த நோயில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்து, 2020இல் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலுக்குப் போயிற்று.

முதல் சோதனைக்கு நட்சத்திர மீனைவிடப் பொருத்தமான உயிரி இல்லை. அதன் கதை முழுவதும் தெரியும், விடையும் ஒரே பிற்பகலில் வந்துவிடும். 1959இல் சேட், மக்கொனாகி என்ற இருவர், நட்சத்திர மீனின் கைகளுக்குள் ஓடும் ஆரநரம்புகளிலிருந்து எடுத்த சாற்றை மற்றொரு நட்சத்திர மீனுக்குள் செலுத்தினார்கள்; அது முட்டையை விட்டது. நரம்பில் ஏதோ இருக்கிறது என்பது அன்றைக்கே தெளிவு. ஆனால் அந்தப் பொருள் நேராக முட்டையைத் தொடுவதில்லை. அது சினைப்பையில் முட்டையைச் சூழ்ந்திருக்கும் உறைசெல்களை எட்டுகிறது. உறைசெல்கள் வேறொரு சிறிய மூலக்கூறைச் சுரக்கின்றன. அதுதான் முட்டையை முதிரச் செய்கிறது. அந்தச் சிறிய மூலக்கூறு 1-மெத்தில்அடினின் என்று ஜப்பானில் ஹருவோ கனதானி குழு 1969இல் நிறுவியது. நரம்பிலிருக்கும் முதல் பொருள் என்ன என்பதற்கு விடை வர இன்னும் நாற்பது ஆண்டு ஆயிற்று. 2009இல் மசதோஷி மிதா உள்ளிட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தபோது, பாலூட்டிகளின் மகப்பேற்றோடு தொடர்புடைய ரிலாக்ஸின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெப்டைடாக அது இருந்தது. ஒரு சாற்றின் விளைவைப் பார்த்ததற்கும் அதன் பெயரைச் சொன்னதற்கும் இடையே அரை நூற்றாண்டு. பத்து வார மாணவர் இந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குவது அவசியம்.

சோதனை இப்படிப் போகும். நட்சத்திர மீனில் ஆண் பெண் வெளியே தெரியாது. கை நடுத்தட்டோடு சேருமிடத்தில் சிறு துளையிட்டு, இடுக்கியால் சினையில் ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தத் துளை பிறகு ஆறிவிடும். பெண்ணாக இருந்தால் துணுக்கைக் கிண்ணத்தில் பிரித்துவிட்டு நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். முதிராத ஒவ்வொரு முட்டைக்குள்ளும் பெரிய, தெளிந்த உட்கரு ஒன்று தெரியும். அதற்குள் உட்கருமணி ஒரு புள்ளியாக நிற்கும். கடல்நீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோமோல் அளவுக்கு 1-மெத்தில்அடினின் சேர்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சிறிது நேரத்துக்கு ஒன்றும் நடக்காது. பிறகு உட்கருவின் விளிம்பு, வட்டம் குலைந்து சுருக்கம் விழும்; புள்ளி மங்கும்; விளிம்பு கரைந்து, முட்டை முழுவதும் ஒரே மணல்நிறமாகிவிடும். நீர் 15 டிகிரியை ஒட்டி இருந்தால் பட்டீரியாவில் இதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நீர் சூடேறினால் வேகம் கூடும். ஆகவே வெப்பநிலையைக் குறிக்காத பதிவு எதற்கும் பயன்படாது.

இதற்கு அடுத்த படி இன்னும் அழகானது. கால்சியம் நீக்கிய கடல்நீரில் சினையை அலசினால் முட்டையைச் சூழ்ந்த உறைசெல்கள் கழன்றுவிடும். இப்போது நான்கு கிண்ணம்: உறையோடு கூடிய முட்டைக்கு நரம்புச் சாறு, உறை இல்லாத முட்டைக்கு நரம்புச் சாறு, உறையோடு கூடியதற்கு 1-மெத்தில்அடினின், உறை இல்லாததற்கும் அதுவே. நரம்புச் சாறு உறை இருக்கிற கிண்ணத்தில் மட்டும் வேலை செய்யும். 1-மெத்தில்அடினின் இரண்டிலும் வேலை செய்யும். இரண்டு கட்டமாகச் செய்தி போகிறது என்பதை மாணவர் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை, எண்ணியே தெரிந்துகொள்ளலாம். கூடவே ஐந்தாவதாக வெறும் கடல்நீர்க் கிண்ணமும், ஆறாவதாக மெத்தில் இல்லாத சாதாரண அடினின் கிண்ணமும் வைக்க வேண்டும். ஒன்றும் கொடுக்காமலேயே முதிரும் முட்டைகள் எப்போதும் சில உண்டு. வெறும் கடல்நீரில் எத்தனை முதிர்ந்தன என்று தெரியாமல் மற்ற எண்ணிக்கைக்குப் பொருளில்லை. எண்ணுகிறவருக்கு எது எந்தக் கிண்ணம் என்று தெரியக்கூடாது. கிண்ணத்தின் அடியில் குறியீட்டெண் எழுதி, வேறொருவர் கையால் வரிசையைக் கலைத்துவைப்பது எளிய வழி. பாதி கரைந்த உட்கருவை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். எண்ணும்போது முடிவெடுத்தால், கை விருப்பத்தின் பக்கம் சாயும்.

நண்டு இதற்கு நேர்மாறு. அங்கே பொறுமைதான் முதல் கருவி. நண்டு, இறால், லாப்ஸ்டர் எல்லாவற்றுக்கும் ஓடு வளராது. பழையதைக் கழற்றிப் புதியது போட்டுக்கொண்டால்தான் உடல் பெருக்கும். தலைமார்புப் பகுதியிலுள்ள ஒய்-உறுப்பு என்ற இணைச்சுரப்பி எக்டைசோன் வகை ஸ்டீராய்டைச் சுரந்து இதைத் தொடங்கி வைக்கிறது. அது உடலில் 20-ஹைட்ராக்சிஎக்டைசோனாக மாறிச் செயல்படுகிறது. ஒய்-உறுப்பை அடக்கி வைத்திருப்பது கண்காம்பிலிருந்து வரும் ஒரு பெப்டைடு. 1905இல் சார்ல்ஸ் செலனி, ஃபிட்லர் நண்டின் கண்காம்பை நீக்கினால் அடுத்த ஓடு கழற்றல் சீக்கிரம் வருகிறது என்று கண்டார். 1943இல் பிரான்ஸில் பனூஸ், இறாலின் கண்காம்பை நீக்கினால் சினைப்பை பெருக்கிறது என்று காட்டினார். தமிழ்நாட்டுக் கரையில் மரக்காணம் வட்டாரத்து இறால் குஞ்சு பொரிப்பகங்கள் வரை, தாய் இறாலின் ஒரு கண்காம்பை நீக்கிச் சினைப்பிடிக்க வைக்கும் வழக்கம் பரவியது இந்த அறிவின் மேல்தான்.

நண்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் அதன் ஹார்மோனை அளப்பதில் பயனில்லை. பியர் டிராஷ் 1939இல் வகுத்த கட்டங்களைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள்: ஓடு கழற்றிய உடனே மென்மையாக இருப்பது முதல், இறுகுவது, ஓய்ந்திருப்பது, பழைய ஓட்டிலிருந்து தோல் விலகத் தொடங்குவது, கழற்றுவது வரை. கால் ஓரத்து மெல்லிய விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்தால், பழைய ஓட்டுக்கு அடியில் தோல் பின்வாங்கி ஒரு தெளிந்த பட்டை விழுந்திருப்பது தெரியும். செசபீக் விரிகுடாவில் நீல நண்டு பிடிப்பவர்களுக்கு இதற்கு நுண்ணோக்கி தேவையில்லை. நண்டைத் தூக்கி, பின்னங்காலின் துடுப்புபோன்ற தட்டைக் கணுக்களின் ஓரத்தில் ஓடும் கோட்டைப் பார்ப்பார்கள். வெள்ளைக் கோடென்றால் இரண்டு வாரத்துக்குள், இளஞ்சிவப்பென்றால் ஒரு வாரத்துக்குள், சிவப்பென்றால் ஒன்று முதல் மூன்று நாளில் ஓடு கழலும். மென்மையான நண்டுக்குச் சந்தையில் விலை அதிகம் என்பதால் தலைமுறை தலைமுறையாக வந்த கண் அது. சாலமன்ஸுக்கு வரும் மாணவர் ஒரு காலையையாவது நண்டுக்காரரின் கொட்டகையில் கழிப்பது, கருத்தரங்கு ஒன்றில் உட்காருவதைவிட மேல்.

இன்னொரு அளவுகோல் மாணவரே அளக்கக்கூடியது. நண்டு ஆபத்தில் ஒரு காலைத் தானே கழற்றிவிடும்; அந்த இடத்தில் மடிந்த சிறு மொட்டாகப் புதுக்கால் முளைக்கும். மொட்டின் நீளத்தை நூறால் பெருக்கி ஓட்டின் அகலத்தால் வகுத்தால் வரும் எண்ணைப் பல பத்தாண்டுகளாக நில நண்டு ஆய்வில் பயன்படுத்துகிறார்கள். கெகார்சினஸ் நில நண்டில் அது 10-ஐ ஒட்டி வெகுநாள் நிற்கும். ஓடு கழற்றும் ஏற்பாடு தொடங்கியதும் ஏறி 20-ஐத் தாண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்து வரைபடம் போட்டால் கோடு படுத்துக் கிடந்து திடீரென எழுவது தெரியும். நண்டைக் கொல்லாமல், வெட்டாமல், வெறும் அளவுகோலால் அதன் உள்ளே ஹார்மோன் ஏறுவதைப் பின்தொடர்வது இது.

இரத்தம் எடுப்பது பிறகு. நண்டின் இரத்தத்தை ஹீமோலிம்ப் என்பார்கள். நடக்கும் காலின் அடியில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய சவ்வில் நுண்ணிய ஊசியைச் செலுத்தி மெதுவாக இழுக்க வேண்டும். வரும் நீர் முதலில் நிறமற்றதுபோல் இருக்கும். செம்பு சேர்ந்த ஹீமோசயனின் காற்றோடு சேர்ந்ததும் நீலம் ஏறும். கை தாமதித்தால் ஊசிக்குள்ளேயே உறைந்துவிடும். ஆகவே மெத்தனால் ஊற்றிய குழாயைப் பக்கத்திலேயே பனிக்கட்டியில் தயாராக வைத்திருக்க வேண்டும். மெத்தனால் புரதத்தை வீழ்படிவாக்கிவிடும், ஸ்டீராய்டு கரைசலில் தங்கும். எடுக்கும் விதமும் அளவை மாற்றும். நண்டை நீரிலிருந்து வெளியே வைத்திருந்தாலே கண்காம்பிலிருந்து சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோன் பாய்ந்து, ஹீமோலிம்பில் குளுக்கோஸ் ஏறிவிடும். முதல் நண்டை நிதானமாகவும் கடைசி நண்டை அவசரமாகவும் பிடித்தால், சோதனை காட்டுவது நண்டின் நிலையை அல்ல, பிடித்தவரின் நிலையை. எல்லா நண்டுக்கும் ஒரே நேரம், ஒரே கை, ஒரே வரிசை என்பது சலிப்பூட்டும் விதிதான். முடிவுகள் நிற்பதும் விழுவதும் அதில்தான்.

எக்டைசோன் வகையை அளக்க எலைசா முறை பொதுவாகப் பயன்படுகிறது. அதிலுள்ள எதிர்ப்பொருள் ஒரே மூலக்கூறை மட்டும் பிடிப்பதில்லை. எக்டைசோன், 20-ஹைட்ராக்சிஎக்டைசோன், அவற்றின் உறவுகள் எல்லாவற்றையும் வெவ்வேறு பலத்தில் பிடிக்கும். எனவே முடிவை 20-ஹைட்ராக்சிஎக்டைசோனுக்குச் சமமான அளவு என்றுதான் எழுத வேண்டும். அந்த அளவு ஓடு கழற்றலுக்கு முந்தின கட்டத்தில் உச்சத்துக்குப் போய், கழற்றும் நேரத்தில் சரிந்துவிடும். ஹார்மோன் ஏறினால்தான் ஓடு கழலும் என்று நினைத்து வருபவருக்கு, அது இறங்கினால்தான் கழலும் என்பது இந்த வரைபடத்தில்தான் புரியும்.

கண்காம்பை நீக்கும் சோதனையைக் கோடை மாணவரிடம் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதை விட்டுவிடுவதே சரி. அறிவியல் காரணம்: கண்காம்பில் இருப்பது ஒரே ஒரு ஹார்மோன் அல்ல. ஓடு கழற்றலை அடக்குவது, சர்க்கரையை ஆள்வது, சினையை அடக்குவது, நிறமிகளை நகர்த்துவது என்று பல பெப்டைடுகள் அங்கிருந்து போகின்றன. காம்பு போனால் எல்லாம் சேர்ந்து போகும். பிறகு உடலில் தெரியும் மாற்றம் எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொரு காரணம் அதைவிடக் கனமானது. காம்பை இழந்த இறால் அந்த இடத்தைத் தேய்த்துக்கொள்வதையும் வாலை அடித்துக்கொள்வதையும், மரப்பு மருந்து தடவினால் அது குறைவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிரிட்டன் 2022இல் இயற்றிய விலங்கு உணர்வுச் சட்டம் நண்டு, இறால் இனங்களையும் ஆக்டோபஸ் இனங்களையும் உணர்வுள்ளவையாக ஏற்கிறது. அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டம் முதுகெலும்பிலிகளைத் தொடுவதில்லை. அதனால் அங்கே பொறுப்பு முழுவதும் ஆய்வகத்தின் மேல்தான் விழுகிறது. கால் மொட்டை அளந்து தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றுக்காகக் கண்ணை எடுக்க வேண்டியதில்லை.

சிப்பிகளிலும் நத்தைகளிலும் வேறொரு பொறி இருக்கிறது. மனித இரத்தத்துக்காகச் செய்யப்பட்ட ஈஸ்ட்ரடயால் எலைசா கிட்டை வாங்கி, மட்டியின் திசுச் சாற்றில் போட்டால் எண் வரும். எப்போதும் வரும். அதை வைத்து மட்டி ஈஸ்ட்ரஜனால் இனப்பெருக்கம் செய்கிறது என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். 2012 முதல் பிரிட்டனின் அலெக்சாண்டர் ஸ்காட் இந்தக் கட்டுரைகளை வரிசையாக எடுத்துச் சோதித்து, மெல்லுடலிகள் சூழ்ந்த நீரிலிருந்தே ஸ்டீராய்டுகளை உறிஞ்சி, கொழுப்போடு பிணைத்து, நெடுநாள் உடலில் வைத்துக்கொள்கின்றன என்பதை எடுத்துக்காட்டினார். ஈஸ்ட்ரஜனை ஆக்கும் அரோமட்டேஸ் நொதிக்குரிய மரபணு அவற்றில் இல்லை. 2003இலேயே ஜோசப் தார்ன்டன் குழு, அப்லீசியா கடல் முயலின் ஈஸ்ட்ரஜன் ஏற்பி ஈஸ்ட்ரஜனைப் பிடிக்காமலேயே எப்போதும் இயங்குவதாகக் காட்டியிருந்தது. ஓர் உயிரியில் ஒரு பொருள் இருக்கிறது என்பதும், அது அந்த உயிரியின் ஹார்மோன் என்பதும் வேறு வேறு. எங்கே உண்டாகிறது, எப்போது ஏறுகிறது, எதைப் பிடிக்கிறது, எடுத்துவிட்டால் என்ன நின்றுபோகிறது, திருப்பிக் கொடுத்தால் என்ன மீள்கிறது என்ற எல்லாவற்றுக்கும் விடை வேண்டும். அப்லீசியாவே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 1967இல் இர்விங் குப்பர்மன் அதன் வயிற்று நரம்புமுடிச்சிலுள்ள பைசெல்களின் சாற்றைச் செலுத்தியதும் விலங்கு முட்டைச்சரம் விடத் தொடங்கியது, பிறகுதான் அதற்குக் காரணமான 36 அமினோ அமிலப் பெப்டைடு அடையாளம் காணப்பட்டது.

கப்பல் அடிப்பகுதியில் பூசிய டிரைபியூட்டைல்டின் வண்ணத்தால் பெண் நத்தைகளுக்கு ஆண்குறி முளைத்த சம்பவமும் இதே ஒழுங்கில்தான் தீர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் கரையில் நத்தை பொறுக்கியவர்கள் கண்ட மாற்றம். 1980களில் காரணம் உறுதியாயிற்று. 2004இல் அந்த வேதிப்பொருள் ரெட்டினாய்டு எக்ஸ் ஏற்பியைத் தூண்டுகிறது என்பது தெரிந்தது. 2008இல் உலகத் தடை நடைமுறைக்கு வந்தது. நத்தையைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணியவர்கள் இல்லாவிட்டால் அந்தத் தடை வந்திருக்காது.

கோடையின் கடைசி இரண்டு வாரம் எழுத்துக்குப் போய்விடும். மாணவர் ஒரு சுவரொட்டி தயாரித்து, மற்ற மாணவர்கள் முன்னும் வழிகாட்டிகள் முன்னும் நின்று பேச வேண்டும். ஆகவே உண்மையில் சோதனைக்குக் கிடைப்பது எட்டு வாரம். அதிலும் முதல் வாரம் பாதுகாப்புப் பயிற்சியிலும் ஓதத்துக்குக் காத்திருப்பதிலும் போகும். தீர்மானமான முடிவு பல சமயம் வருவதில்லை. வெறும் கடல்நீரில் எத்தனை முட்டை முதிரும், எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம், எந்த அளவு நண்டு எத்தனை நாளில் ஓடு கழற்றும் என்பதுபோன்ற எண்கள் மட்டும் வந்தால்கூட அடுத்த ஆண்டு வருகிறவர் அங்கிருந்து தொடங்கலாம். அதற்காக ஆய்வேடு ஆய்வகத்திலேயே தங்க வேண்டும். தேதி, ஓதம், நீரின் வெப்பநிலை, உப்பளவு, விலங்கின் எண், கட்டம், யார் எண்ணினார்கள் என்பது வரை அதில் இருக்க வேண்டும்.

அமெரிக்க அறக்கட்டளையின் நிதியில் நடக்கும் இடங்களில் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வாழ்வுரிமை பெற்றவர்களுக்கும்தான் உதவித்தொகை. இந்தியாவில் படிப்பவர்களுக்கு, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து ஆண்டுதோறும் வழங்கும் இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. கடல் உயிரியலுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம்போன்ற இடங்களும் இருக்கின்றன. எங்கே விண்ணப்பித்தாலும், எந்த ஹார்மோனைப் பற்றி ஆராய விருப்பம் என்று எழுதும் முன், அந்தக் கரையில் அந்த மாதங்களில் எந்த உயிரி சினைப்பட்டிருக்கும், எது ஓடு கழற்றும் என்று அங்குள்ளவர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.